97 பைகள்: ரத்ததான முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு தாயின் திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

போன வருடம் ஜூன் 22 அன்று எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம் நடந்தது. வாசலில் பெரிய பேனர், மேளச் சத்தம், தெருமுனையைத் தாண்டி நின்ற வரிசை. அந்த வரிசையில் என் வீட்டுக்காரரும் நின்றார். பாலும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர், வாங்கிய பையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். முறை வந்ததும் விரலில் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 11.8. பன்னிரண்டரை இருந்தால்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். முகாமை நடத்திய பையன் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து, "பரவாயில்லண்ணா, நல்லா சாப்பிட்டு அடுத்த தடவ வாங்க" என்று ஒரு ஜூஸ் டப்பாவைக் கையில் கொடுத்தானாம்.

அந்தப் பாலும் பூவும் எங்கள் மகளுக்கு. அவள் போய் அன்றைக்கு மூன்றாம் நாள்.

வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவ்வளவு பேர் நின்னாங்க." அதற்குமேல் பேசவில்லை. அந்த ஒரு வரியை ஒரு வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். தலைவர் பிறந்தநாளுக்கும் நடிகர் பிறந்தநாளுக்கும் முகாம் வைக்கிற நற்பணி மன்றத் தம்பிகள், கட்சி இளைஞர் அணியினர், கல்லூரியில் என்.எஸ்.எஸ். பொறுப்பில் இருக்கிற பிள்ளைகள், உங்கள் எல்லோருக்கும்தான் இது. குறை சொல்ல எழுதவில்லை. என் மகள் ஆறு வருடம் பத்து மாதம் உயிரோடு இருந்தாள் என்றால், அதில் ஆறு வருடம் உங்களைப் போன்றவர்கள் கொடுத்தது. அதைத் தெரிந்துகொண்டு இதைப் படியுங்கள்.

வீட்டில் அவளைக் குண்டுமணி என்று கூப்பிடுவோம். பிறந்தபோது கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்தாள், பாட்டி வைத்த பெயர். நான்கு மாதம் வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்தாம் மாதத்தில் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கியது. உள்ளங்கை வெளுத்தது. ரத்தம் இல்லை என்று சொல்லி இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் வேளை தவறாமல் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவந்தார், மாமியார் பேரீச்சம்பழத்தை ஊறவைத்துப் பிழிந்தார். ஒன்றும் ஏறவில்லை, வயிறு மட்டும் வீங்கியது. எட்டாவது மாதம் சேலத்தில் ஒரு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது, டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். எச்.பி.எல்.சி. என்று ஒரு பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். தலசீமியா மேஜர் என்று வந்தது.

அந்தச் சொல்லை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. உங்களில் பலரும் கேட்டிருக்க மாட்டீர்கள், அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபினை இந்தக் குழந்தைகளின் உடம்பால் சரியாக உண்டாக்க முடியாது. அப்பாவிடமிருந்து ஒரு பழுதான மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்றும் சேர்ந்து வந்துவிட்டால் இப்படி ஆகும். எங்கள் இருவருக்கும் தலைக்கு ஒன்று இருந்தது. அப்படி ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கு நோய் கிடையாது. கொஞ்சம் ரத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். இருவரும் அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பையனுக்கு நோய் வரவில்லை. இவளுக்கு வந்தது. இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 10,000 குழந்தைகள் இப்படிப் பிறப்பதாகச் சொல்கிறார்கள்.

இதற்கு வைத்தியம், ரத்தம் ஏற்றுவதுதான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, சில நேரம் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, உயிர் இருக்கும் வரைக்கும். ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் மற்ற பிள்ளைகளைப் போல வளர்வார்கள், ஓடுவார்கள், படிப்பார்கள். ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கிற இரும்பு உடம்பிலேயே தங்கி இதயத்திலும் ஈரலிலும் படியும் என்பதால் அதை வெளியேற்றத் தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ருசி பிடிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் ஒரு நாளும் துப்பாமல் குடிப்பாள். நான் அந்த மூன்று மாதம் பாசத்தோடு ஊற்றினேனே இரும்பு டானிக், அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து சேலத்துக்கு முதல் பஸ்ஸில் கிளம்புவோம். அரூர் வந்து, பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, மஞ்சவாடிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது விடியும். அங்கே குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்க்கவே ஜன்னல் ஓரம் கேட்பாள். போகும்போது என் மடியில் சுருண்டு கிடப்பாள், குரங்கு வந்தால் மட்டும் கண்ணைத் திறப்பாள். திரும்பி வரும்போது அதே பிள்ளை சீட்டின் மேல் நின்றுகொண்டு எத்தனை குரங்கு என்று எண்ணும். ஒரு பை ரத்தம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

மற்ற பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்வதைப் போல அவள், "அம்மா, எனக்கு ரத்தம் தீந்துபோச்சு" என்பாள். மூன்றாம் வாரம் ஆனால் கால் வலிக்கும், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்தில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு அது வியாதியாகத் தெரியவில்லை, கிணற்றில் தண்ணீர் இறங்குவதைப் போல ஒரு விஷயம். வீட்டில் பால் கவரில் தண்ணீர் ஊற்றி, நூல் கட்டி, ஆணியில் மாட்டி, மறுமுனையைக் கோழிக்குஞ்சின் காலில் சுற்றிவிடுவாள். "அசையாத, ரெண்டு மணி நேரம்தான்" என்று குஞ்சுக்குப் புத்தி சொல்லுவாள். நர்ஸ் அக்கா அவளிடம் சொல்வதை அப்படியே சொல்லுவாள்.

வார்டில் பை வந்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பாள், ஜில்லென்று இருக்கும். பிறகு கேட்பாள்: "இது யாருதும்மா?"

எனக்கு எப்படித் தெரியும்? பையின் மேல் ஓர் எண் இருக்கும், வகை இருக்கும், எடுத்த தேதியும் காலாவதியாகிற தேதியும் இருக்கும். கொடுத்தவர் பெயர் இருக்காது. நான் கதை கட்டிச் சொல்லுவேன். இது ஒரு லாரி டிரைவர் அண்ணாவோடது, கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழம் ஏற்றிக்கொண்டு போகிறார். இது காலேஜ் அக்காவோடது, கபடி விளையாடுகிறவர். ஒரு நாள் ஊருக்குத் திரும்பும் வழியில் புரோட்டா வேண்டும் என்று அடம் பிடித்தாள். அதற்கு முன் கேட்டதே இல்லை. "ஏன்டி திடீர்னு?" என்றதற்கு, "இன்னிக்கு ஏத்துனது புரோட்டா மாஸ்டரோட ரத்தம்னு நெனைக்கிறேன்" என்றாள். தன் உடம்பில் ஓடுகிற ஆட்கள் எல்லோரையும் அவள் உண்மையாகவே நம்பினாள். அந்த ஆட்கள் நீங்கள்தான்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஏற்றிய தேதி, ஏற்றுவதற்கு முன் எச்.பி., அதாவது ஹீமோகுளோபின், எவ்வளவு, பையில் போட்டிருந்த எடுத்த தேதி. 97 வரிகள் இருக்கின்றன. முதலில் கைக்குழந்தையாக இருந்தபோது பாதிப் பை, பிறகு முழுப் பை. இரண்டு வருடம் எழுதிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எடுத்த தேதிகள் சில நாட்களில் கூட்டமாக வந்து விழுந்திருந்தன. ஜூன் 3. ஜூன் 22. டிசம்பர் 12. பிப்ரவரி 24. மார்ச் 1. ஏப்ரல் 14. அக்டோபர் 1 என்று ஒரு கல்லூரி முகாம். இந்தத் தேதிகள் யாருடையவை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோட்டைப் பார்த்தாலே எந்த மாதம் தமிழ்நாட்டில் யார் பிறந்தார்கள் என்று தெரிந்தது.

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கட்சி, மன்றம் என்று நான் எதிலும் இல்லை. ஆனாலும் ஒருவர் மேல் வைத்த அன்பை இன்னொருவருக்கு ரத்தமாகக் கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அது சின்ன விஷயமா? கட்அவுட்டுக்கு ஊற்றுகிற பால் வீணாகிறது என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையையும் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் நோட்டின் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், சில பைகள் 35 நாள். அதிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்துக்கு உட்பட்ட புது ரத்தமாக இருந்தால் நல்லது என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். பழைய பையில் இருக்கிற அணுக்கள் உள்ளே போய்ச் சீக்கிரம் அழிந்துவிடும், அடுத்த முறை சீக்கிரமே வர வேண்டியிருக்கும். ஒரே தேதியில் எடுத்த ரத்தம் அவளுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வந்ததுண்டு. முதல் முறை நான்கு நாள் பழசு: மூன்று வாரமும் தெருவில் பட்டாம்பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது 25 நாள் பழசு: இரண்டு வாரம் முடிந்ததுமே மடியைத் தேடி வந்துவிட்டாள். ஒரு தாய் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்த கணக்கு, ஆராய்ச்சி இல்லை. ஆனால் ஒரே நாளில் இருநூறு பேர் வந்து கொடுத்தால் அந்த ரத்தம் இருநூறு நாளைக்கு வராது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிகிற வரைக்கும் எடுத்த தேதி என்ற கட்டத்தில் மிகவும் பழைய தேதிகளே இருந்தன, அல்லது ஏற்றிய தேதியே தள்ளிப்போயிருந்தது. கல்லூரிகளில் பரீட்சை, பிறகு லீவு. பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து யாரும் முகாம் வைக்க மாட்டார்கள். விபத்துக்கும் பிரசவத்துக்கும் லீவு கிடையாது, எங்கள் பிள்ளைகளுக்கும் கிடையாது.

போன வருடம் மே மாதம் மூன்றாம் வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். எச்.பி. 6.1. ரத்த வங்கியில் பி பாசிட்டிவ் இருந்த இரண்டு பையும் ஆபரேஷனுக்கு எடுத்து வைத்திருந்தது, இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். அரிய வகைகூட இல்லை பாருங்கள், பி பாசிட்டிவ். எங்கள் தெருவில் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போனோம், வரவில்லை. மறுபடி போனோம். அங்கே வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அலமாரியைத் திறந்தே காட்டினார்கள், காலி. இந்தப் பிள்ளைகளுக்கு, பதிலுக்கு யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்காமல், இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர்களும் கேட்கவில்லை. இல்லாததை எந்த விதி கொடுக்கும்?

"பெத்தவங்க நீங்க கொடுக்கக் கூடாதா?" என்று பஸ்ஸில் ஒரு பெரியம்மா கேட்டார். பலருக்கும் இந்தக் கேள்வி வரும். முடியாது. எங்களுக்கே பன்னிரண்டரை இல்லை, எனக்கு 10.2. இருந்திருந்தாலும், பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் ரத்தத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றாமல் தவிர்ப்பார்கள். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் வேறு ஆபத்து உண்டு, பின்னால் எலும்பு மஜ்ஜை மாற்று செய்வதாக இருந்தால் அதையும் அது கெடுக்கும். இந்த ஒரு நோயில் பெற்றவர்களால் ஆகாதது முன்பின் தெரியாதவர்களால்தான் ஆகும்.

என் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவருக்கு எடை 45 கிலோ இல்லை. ஒருவருக்குக் கொஞ்ச நாள் முன்புதான் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. ஒருவர் முந்தின ராத்திரி குடித்திருந்தார். மிச்சம் ஒருவர் கொடுத்தார், அவர் ஓ பாசிட்டிவ். அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், அந்தப் பை இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கும்.

ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் எச்.பி. 4.6. நான் எழுதிய நோட்டில் அதைவிடக் குறைந்த எண் வேறு இல்லை. உதடு காகிதம் மாதிரி இருந்தது. படுத்தபடியே கோழிக்குஞ்சைப் பக்கத்தில் விடச் சொன்னாள், கை தூக்கி அதைத் தொட முடியவில்லை. கத்திரி வெயில், தகரக் கூரை வீடு, நான் விசிறிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மதியம் போன் வந்தது, பை இருக்கிறது வாருங்கள் என்று.

அந்தப் பையில் போட்டிருந்த எடுத்த தேதி மே 26. எனக்குத் தெரிந்து அன்றைக்கு எந்தத் தலைவர் பிறந்தநாளும் இல்லை, எந்த நடிகர் பிறந்தநாளும் இல்லை. முகாமும் இல்லை, விசாரித்தேன். யாரோ ஒருவர் அக்னி நட்சத்திரத்தில், எந்த மேளமும் இல்லாமல், தானாக நடந்து வந்து படுத்துக் கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். "இது யாருதும்மா?" என்று அன்றைக்கும் கேட்டாள், குரல் எழும்பவில்லை. முதல் தடவையாக எனக்குக் கதை வரவில்லை. "தெரியலடா கண்ணு" என்றேன். அந்த ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடிக்க வழி இல்லை, அப்படி வழி இல்லாமல் வைத்திருப்பதுதான் சரி என்றும் தெரியும். இந்த மடலை அவர் படித்தால், அந்தப் பை ஏறிய இரண்டாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆறு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். எல்லோரும் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அதை நான் கண்ணால் கண்டேன். ஜூன் 19 ராத்திரி போய்விட்டாள்.

அந்த ஒன்பது நாள் தாமதத்தால்தான் இப்படி ஆயிற்று என்று எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல வரவில்லை, பொய்யாக ஒரு காரணத்தை உங்கள் தலையில் கட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அவளுக்கு இருந்த கடைசி மாதத்தில் ஒன்பது நாள், கோழிக்குஞ்சைத் தொட முடியாமல் கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் அவளுடையது. கிட்டத்தட்ட நான்கு வாரம் கழித்துப் பேனர் கட்டி, மேளம் வைத்து, தெருமுனை வரைக்கும் நின்றார்களே, அவர்களில் இரண்டு பேர் மே 18-ஆம் தேதி வந்திருந்தால் போதும்.

சரி, என்ன கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முகாமை விடாதீர்கள், பிரியுங்கள். ஓர் ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம், பெண் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. குண்டுமணி மாதிரி ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 17 பை. அதே வகை உள்ள ஆறு பேர் ஆளுக்கு மூன்று தடவை கொடுத்தால் 18. ஆறே பேரால் ஒரு குழந்தையின் ஒரு வருடம் ஓடிவிடும். இருநூறு பேர் உள்ள மன்றம் இப்படி முறை வைத்துக்கொண்டால் முப்பது குழந்தைகளுக்கு மேல் தாங்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பை வேண்டும், அப்போதும் பதினைந்து பிள்ளைகளைத் தாங்கும். உங்கள் ரத்தம் அந்தக் குழந்தைக்கே போக வேண்டும் என்றுகூட இல்லை, அலமாரியில் அந்த வகை காலியாகாமல் இருந்தால் சரி. அதிலும் ஒரு பிள்ளைக்குச் சில பேருடைய ரத்தமே திரும்பத் திரும்பக் கிடைத்தால் இன்னும் நல்லது. பல பேருடைய ரத்தம் ஏற ஏற உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும், பொருந்துகிற பை கிடைப்பது கஷ்டமாகிவிடும். இதை உங்கள் ஊர் ரத்த வங்கியில் கேட்டால் எந்த வகைக்கு எந்த மாதம் தட்டுப்பாடு என்று அவர்களே சொல்லுவார்கள். அவர்களிடம் கேட்காமல் முகாம் தேதி வைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

பிறந்தநாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூன் 14 உலக ரத்ததான நாள் என்கிறார்களே, அதுவும் ஒரு பிறந்தநாள்தான், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள். ஐதராபாத்தில் 1998-இல் சிரஞ்சீவி ஒரு ரத்த வங்கியே ஆரம்பித்தார், ரசிகர்களின் அன்பை அவர் வருடம் முழுக்க ஓடுகிற ஒரு வேலையாக ஆக்கினார். அங்கே முடிந்தது நமக்கு முடியாதா? பிறந்தநாளில் நூறு பேர் கொடுங்கள். மிச்சம் நூறு பேரின் பெயரையும் வகையையும் ஒரு நோட்டில் எழுதி, ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் பிரித்து வையுங்கள். தலைவருக்கு இரண்டு பிறந்தநாள் கொண்டாடியதாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதுவும் உங்கள் கையில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரரை எச்.பி. குறைவு என்று திருப்பி அனுப்பியது அது முதல் தடவை இல்லை. ஐ.டி.ஐ. படிக்கும்போது ஒரு முகாமில் இதே மாதிரி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே என்று சொல்லி, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அப்போது நன்றாகச் சாப்பிட்டு, பாரம் தூக்கிக்கொண்டிருந்த ஆள். அவருக்கு இருந்தது சாப்பாட்டுக் குறை இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர், "தம்பி, ஒரு தடவ எச்.பி.எல்.சி. டெஸ்ட் எடுத்துப் பாத்துரு" என்று சொல்லியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் அவருக்கு மாமன் மகள். எங்கள் பக்கம் சொந்தத்தில்தான் கட்டுவார்கள், ஒரு குடும்பத்தில் இருப்பது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் முகாமில் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் இதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். கல்யாணத்துக்கு முன் பார்க்கலாம், இல்லை கர்ப்பமான முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள்ளாவது பார்க்கலாம்.

முன்பே தெரிந்திருந்தால் குண்டுமணி பிறந்திருப்பாளா என்று என்னைக் கேட்டுக்கொள்வேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் இல்லாத ஒரு வாழ்க்கையை நான் கேட்கமாட்டேன். அவள் பட்ட ஊசி வலியை இன்னொரு பிள்ளைக்குத் தரவும் மாட்டேன். இரண்டும் ஒரே மனசில்தான் இருக்கிறது.

அவள் அண்ணனுக்கு இப்போது பதினோரு வயது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் இந்த நோய் தீரும், இந்தியாவில் தலசீமியாவுக்கு முதன்முதலில் அதைச் செய்தது 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில். கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு என்று சொல்லி அவனுக்கும் எடுத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து ஒரு வாரம் சாப்பிடவில்லை. இப்போது அவன் என்னிடம் கேட்பது வேறு: பதினெட்டு வயசு ஆக இன்னும் எத்தனை வருஷம் என்று. அவனுக்கும் எங்களைப் போலவே ஒரு மரபணு இருக்கிறது, எச்.பி. பன்னிரண்டரையைத் தொடாவிட்டால் அவனிடமும் எடுக்கமாட்டார்கள் என்று இன்னும் நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேராலும் ரத்தம் கொடுக்க முடியாது. மற்ற வேலை எல்லாம் செய்வோம். அடுத்த கோடையில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை பக்கம் எந்த மன்றம் முகாம் வைத்தாலும் சொல்லி அனுப்புங்கள். பெயர் எழுதுகிற மேசையிலோ ஜூஸ் கொடுக்கிற மேசையிலோ என்னை உட்கார வையுங்கள். வெயிலுக்கு மோர் கரைத்து எடுத்து வருகிறேன். நோட்டையும் கொண்டு வருகிறேன், 97 வரிக்குக் கீழே இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. கொடுத்துவிட்டு எழுந்து வருகிறவர்கள் விரும்பினால் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகட்டும். பெயர் வேண்டாம், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும்.

இப்படிக்கு,
குண்டுமணியின் அம்மா
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்